திடப்பொருளுக்குள் ஓடும் வெளிச்சம்

ஊறுகாய் பாட்டிலுக்கான நிறமற்ற கண்ணாடியும், மது பாட்டிலுக்கான பச்சைக் கண்ணாடியும் ஏறக்குறைய ஒரே சரக்கில் பிறப்பவை. மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல். பிறகு கொஞ்சம் உடைந்த கண்ணாடி. இவற்றை உருக்கும் தொட்டி உலைகளில் தீ மேலேதான் எரிகிறது. உருகிய குழம்பின் மேற்பரப்புக்கு மேல் வெப்பநிலை 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சூடு அங்கிருந்து கீழே இறங்கி, ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் தொட்டியின் அடிவரை போய்ச் சேர வேண்டும். நிறமற்ற கண்ணாடி உருகும் தொட்டியில் அது நன்றாகவே போய்ச் சேருகிறது. சில சமயம் அடித்தளக் கற்களை அரிக்கும் அளவுக்குச் சேர்ந்துவிடுகிறது. பச்சைக் கண்ணாடித் தொட்டியிலோ மேலே அதே தீ எரிந்தாலும் அடி கணிசமாகக் குளிர்ந்து கிடக்கும். அதனால்தான் நிறக் கண்ணாடிக்கான தொட்டிகளை ஆழம் குறைத்துக் கட்டுகிறார்கள்.

இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் இரும்பு ஆக்சைடும் குரோமியம் ஆக்சைடும்தான். அதுவும் நூற்றில் ஒரு பங்கைத் தொடாத அளவு. இவ்வளவு சிறிய கலப்பு, கண்ணாடியின் அணுக்கள் ஒன்றையொன்று உலுக்கிச் சூட்டைக் கடத்தும் விதத்தை மாற்றிவிட முடியாது. உருகிய கண்ணாடி திரவம்தானே, வெப்பச்சலனத்தில் வித்தியாசம் இருக்கலாமே என்று கேட்டால், சலனம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் குழம்பை அசையவிடாமல் வைத்து அளந்தாலும், உறைந்த கண்ணாடிக் கட்டியைச் சூடேற்றி அளந்தாலும் அதே வித்தியாசம் தெரிகிறது. பச்சை நிறம் மறித்தது வேறொன்றை. கண்ணாடிக்கு உள்ளேயே பயணம் செய்யும் வெப்பக் கதிர்வீச்சை.

பள்ளிப் பாடநூல் வெப்பத்துக்கு மூன்று வழிகளைச் சொல்லி, ஒவ்வொன்றையும் ஓர் இடத்தில் குடியமர்த்தியிருக்கிறது. திடப்பொருளில் கடத்தல், திரவத்திலும் வாயுவிலும் சலனம், வெற்றிடத்தில் கதிர்வீச்சு. தேர்வுக்கு வசதியான பிரிவினைதான். ஆனால் கதிர்வீச்சுக்கு வெற்றிடம் வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. பூஜ்ஜியம் கெல்வினுக்கு மேல் உள்ள எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. மேற்பரப்பு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் ஒவ்வொரு துளியும் வெளியிடுகிறது. உள்ளே பிறந்த கதிர் எவ்வளவு தூரம் போய் அடுத்த அணுக்கூட்டத்தால் விழுங்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. அந்தத் தூரம் போதிய அளவு நீளமாக இருந்தால், திடப்பொருளுக்குள் கடத்தலோடு கைகோத்துக் கதிர்வீச்சும் வெப்பத்தைச் சுமக்கும். சூடு ஏற ஏறக் கடத்தலையே முந்திவிடும்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் செங்கல் மேலே போகும் விதத்தைப் பார்த்திருப்பீர்கள். சில இடங்களில் ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றுவார்கள். சில இடங்களில் கீழே நிற்பவர் தூக்கிப் போட, சாரத்தில் நிற்பவர் பிடிப்பார். அணுக்கள் அண்டை அணுக்களை அதிரவைத்துச் சூட்டைக் கடத்துவது கைமாற்றுவது; கதிர்வீச்சு தூக்கிப் போடுவது. ஒரு வீச்சில் எவ்வளவு தூரம் போகிறது என்பதைத்தான் இயற்பியலில் சராசரி தடையற்ற பாதை என்கிறார்கள். கண்ணாடியில் அணு அதிர்வுகளுக்கு அந்தப் பாதை சில அணுக்களைக் கடக்கும் தூரத்தைவிட அதிகமில்லை. அகச்சிவப்புக் கதிருக்கோ அது சில மைக்ரோமீட்டராகவும் இருக்கலாம், சில சென்டிமீட்டராகவும் இருக்கலாம். எந்த அலைநீளம், எந்தக் கண்ணாடி என்பதைப் பொறுத்தது.

தூக்கிப் போடுவது சூட்டோடு எப்படிக் கூடுகிறது என்ற கணக்கின் கதை சுவையானது. ஐரிஷ் இயற்பியலாளர் ஜான் டிண்டால் பிளாட்டினம் கம்பியில் மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றி, மங்கிய சிவப்பிலிருந்து முழு வெண்மைக்குப் போகும்போது அதன் கதிர்வீச்சு 11.7 மடங்கு கூடுகிறது என்று அளந்து வைத்திருந்தார். வியன்னாவில் இருந்த யோசெஃப் ஸ்டெஃபான் 1879-இல் அந்த எண்ணை எடுத்துக்கொண்டார். மங்கிய சிவப்பு 525 டிகிரி செல்சியஸ், வெண்மை 1200. கெல்வினில் சொன்னால் 798, 1473. இரண்டையும் வகுத்து நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 11.6 வருகிறது. கதிர்வீச்சு, கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது என்ற விதி அங்கே பிறந்தது. 1884-இல் அவருடைய மாணவர் லுட்விக் போல்ட்ஸ்மான் அதை வெப்ப இயக்கவியலிலிருந்து நிறுவிக் காட்டினார். இந்த விதி முழுமையாகப் பொருந்துவது, தன்மேல் விழும் கதிரையெல்லாம் விழுங்கும் கரும்பொருளுக்கு. பிளாட்டினம் கரும்பொருளே அல்ல, எனவே டிண்டாலின் எண் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. சரியான விதி, சந்தேகத்துக்குரிய சாட்சி!

திடப்பொருளுக்குள் வரும்போது நான்காம் அடுக்கு மூன்றாகிவிடுகிறது. உள்ளே அடுத்தடுத்த இரண்டு அடுக்குகளின் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்றுதான். சூடான அடுக்கு அனுப்புவதிலிருந்து, குளிர்ந்த அடுக்கு திருப்பி அனுப்புவதைக் கழித்தால் மிஞ்சுவதே நிகர ஓட்டம். அந்த மிச்சம், வெப்பநிலையின் மூன்றாம் அடுக்கை வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கியதற்கு ஏற்ப இருக்கும். ஆகவே கதிர்வீச்சால் வரும் கடத்துதிறன் மூன்றாம் அடுக்கில் கூடுகிறது. அறை வெப்பநிலை 300 கெல்வின். உலை 1500 கெல்வின். ஐந்து மடங்கு சூடு, 125 மடங்கு கடத்துதிறன். அணு அதிர்வுகளின் கடத்தலோ பெரும்பாலான படிகங்களில் சூடு ஏற ஏறக் குறைகிறது. ஒன்று இறங்க மற்றது ஏற, ஓர் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று கடந்துதான் ஆக வேண்டும்.

கண்ணாடியில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. சூடு கூடும்போது கதிரின் அளவு மட்டும் கூடுவதில்லை, அதன் அலைநீளமும் குறைகிறது. சன்னல் கண்ணாடி, சுமார் 2.7 மைக்ரோமீட்டர் அலைநீளம் வரை ஓரளவு தாராளமாகக் கதிரை விடும். அதற்கு மேல் கதவு சாத்தத் தொடங்கி, 5 மைக்ரோமீட்டருக்குள் முழுவதும் மூடிவிடும். அறை வெப்பநிலையில் உள்ள பொருளின் கதிர்வீச்சு உச்சம் பெறுவது 10 மைக்ரோமீட்டரை ஒட்டி. அதில் 2.7-க்குக் கீழே வருவது லட்சத்தில் இரண்டு பங்கு. கண்ணுக்கு ஊடுதெரியும் சன்னல் கண்ணாடி தன் சொந்த வெப்பக் கதிருக்குக் கரிச்சுவர்தான். அதே கண்ணாடி 1500 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது உச்சம் 1.6 மைக்ரோமீட்டருக்கு நகர்ந்துவிடுகிறது. இப்போது 60 சதவீதத்துக்கு மேல் திறந்த கதவுக்குள் விழுகிறது. அறையில் கண்ணாடியின் கடத்துதிறன், மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு 1 வாட். உலைச் சூட்டில், கதிர் சராசரியாகச் சில சென்டிமீட்டர் போகும் நிறமற்ற கண்ணாடியில் கணக்குப் போட்டால் 100 வாட் வரை வருகிறது. அது பித்தளையை ஒத்த எண். பச்சைக் கண்ணாடியில் ஃபெரஸ் வடிவத்தில் இருக்கும் இரும்பு, சரியாக 1 மைக்ரோமீட்டரை ஒட்டிய கதிர்களை விழுங்குகிறது. கதிரின் வீச்சு அரை சென்டிமீட்டராகச் சுருங்கினாலே அந்த 100 பதினைந்து பதினாறாக விழுந்துவிடும். இனி இரும்பைக் குறைக்க முடியாது என்ற நிலையிலும் உலை நடத்துபவர்கள் அது ஃபெரஸா ஃபெரிக்கா என்று கண்காணிப்பதன் காரணம் இதுதான். பாட்டிலின் நிறத்துக்காக மட்டுமில்லை, தொட்டி அடியின் சூட்டுக்காகவும்.

இந்தக் கணக்குக்கான சூத்திரம் கண்ணாடிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. நார்வே வானியற்பியலாளர் ஸ்வெயின் ரோஸ்லாண்ட் 1924-இல் நட்சத்திரங்களுக்காக எழுதியது. சூரியனின் மையத்தில் பிறக்கும் ஆற்றல் நேராக வெளியே வருவதில்லை. விழுங்கப்பட்டு, மறுபடி வெளிவிடப்பட்டு, திசை தெரியாமல் அலைந்து மேலே வரப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு வீச்சும் பயணத்தின் மொத்த நீளத்தோடு ஒப்பிட மிகச் சிறியது என்றால், கதிர்வீச்சை அப்படியே ஒரு கடத்துதிறனாக எழுதிவிடலாம் என்பது ரோஸ்லாண்ட் காட்டிய வழி. நட்சத்திரத்துக்கும் பாட்டில் உலைக்கும் ஒரே சமன்பாடு. அதில் வரும் ஓர் எண் மட்டும் கண்ணாடிக்கே உரியது, ஒளிவிலகல் எண்ணின் இருபடி. கண்ணாடிக்கு அது 1.5 பெருக்கல் 1.5, அதாவது 2.25. வெற்றிடத்தில் இருப்பதைவிடக் கண்ணாடிக்குள் வெப்பக் கதிர் இத்தனை மடங்கு செறிவாக இருக்கிறது. அது முழுவதும் வெளியே வருவதில்லை. முழு அகப் பிரதிபலிப்பால் மிச்சம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. இந்த அடைபட்ட வெளிச்சத்துக்குக் கடைசியில் மறுபடியும் வேலை இருக்கிறது.

வீச்சு சிறியதாக இருக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனையை மறந்தால் வம்பு. கண்ணாடி, உருகிய குவார்ட்ஸ் போன்ற ஊடுதெரியும் பொருள்களின் கடத்துதிறனை உயர்ந்த வெப்பநிலையில் அளக்கும்போது, தடித்த துண்டுக்கு ஒரு விடையும் மெல்லிய துண்டுக்கு வேறொரு விடையும் கிடைக்கும். கடத்துதிறன் பொருளின் குணம், துண்டின் தடிமனைப் பொறுத்து அது மாறக் கூடாது. ஆனால் மாறுகிறது. மெல்லிய துண்டில் கதிர் ஒரு பக்கத்திலிருந்து புறப்பட்டு நடுவில் எங்கும் நிற்காமல் மறுபக்கம் போய் விழுந்துவிடுகிறது. அங்கே பொருளுக்கு வேலையே இல்லை. அளவிடுபவர்கள் இதைத் தடுக்கத் துண்டின் முகங்களில் தங்கமோ கிராஃபைட்டோ பூசுகிறார்கள். அதுவும் முழுத் தீர்வல்ல, உள்ளே நடக்கும் பரிமாற்றத்தைப் பூச்சு நிறுத்தாது. ஒரு பொருளின் கடத்துதிறன் 1000 டிகிரிக்கு மேல் திடீரென்று ஏறுவதாக ஓர் அட்டவணை காட்டினால், அது அந்தப் பொருளின் குணமா, அதன் வழியே நழுவிப்போன வெளிச்சமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

உலோகங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அவற்றின் கட்டற்ற எலக்ட்ரான்கள் அகச்சிவப்பைச் சில பத்து நானோமீட்டருக்குள் விழுங்கிவிடும். செக்கச்செவேலென்று பழுத்த இரும்பின் ஒளி அதன் தோலிலிருந்து மட்டுமே வருகிறது. பழுத்த கண்ணாடியின் ஒளி அதன் உடம்பு முழுவதிலிருந்தும் வருகிறது.

இதுவரை சொன்னது ஊடுதெரியும் பொருள்களைப் பற்றி. செங்கல் ஊடுதெரியாது. ஆனால் செங்கல்லில் ஓட்டைகள் உண்டு.

வெப்பத்தைத் தடுக்கும் தீச்செங்கல்லை வேண்டுமென்றே நுண்துளைகளோடு செய்கிறார்கள். மரத்தூளைப் போன்ற எரியும் பொருளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டால், தூள் எரிந்துபோன இடம் துளையாக நிற்கும். துளைக்குள் காற்று, காற்று மோசமான கடத்தி, ஆகவே செங்கல் நல்ல தடுப்பான். அறை வெப்பநிலையில் இந்த வாதம் பிசிறில்லாதது. உலையில் அது சறுக்குகிறது. துளையின் சூடான சுவர் எதிர்ச்சுவருக்குக் கதிர் அனுப்புகிறது, துளையின் அகலம்தான் இப்போது வீச்சின் தூரம். சுவர்கள் கரும்பொருள்போல் நடந்துகொள்வதாகக் கொண்டால், 1 மில்லிமீட்டர் துளையின் கதிர்வீச்சுக் கடத்துதிறன் 300 கெல்வினில் 0.006 வாட். காற்றின் 0.026-க்கு முன் அது ஒன்றுமேயில்லை. 1500 கெல்வினில் அதே துளைக்கு 0.77. காற்றும் சூடாகி ஏறக்குறைய 0.1-க்குத்தான் வந்திருக்கிறது. துளை 3 மில்லிமீட்டர் என்றால் 2.3 ஆகிவிடும். துளையில்லாத சாதாரண தீச்செங்கல்லே 1 முதல் 1.5 வரைதான். தடுப்பதற்கென்று வைத்த ஓட்டை, கல்லைவிட நன்றாகச் சூட்டைக் கடத்துகிறது! துளையை 0.1 மில்லிமீட்டராகச் சுருக்கினால் 0.08-க்கும் கீழே இறங்கி மறுபடியும் அடங்கிவிடும். எத்தனை துளை என்பதைவிட எவ்வளவு பெரிய துளை என்பதுதான் உலைச் சூட்டில் முக்கியம். 1954-இல் ஆர்தர் லோப் வெளியிட்ட நுண்துளைப் பொருள்களுக்கான சூத்திரம் சொல்வதன் சாரம் இதுதான். இணையக் கடைகளில் தீச்செங்கல் விற்பவர்கள் 'இத்தனை சதவீதம் நுண்துளை' என்று பெருமையாகப் போடுகிறார்கள், துளையின் அளவைப் போடுவதில்லை.

சூளைக்குள் கதிர்வீச்சு எப்படி நிறைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். மண்பாண்டச் சூளையின் பார்வைத் துளை வழியே எட்டிப் பார்த்தால், சூடேறும் நேரத்தில் பானைகளின் விளிம்புகள் தெரியும். உள்ளே எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்தபின் விளிம்புகள் கரைந்து, எங்கும் ஒரே ஆரஞ்சு ஒளி மட்டும் மிஞ்சும். பானையும் சுவரும் பின்னணியும் ஒரே அளவு ஒளி அனுப்புவதால் பிரித்தறிய எதுவும் இல்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பீங்கான் குடும்பத்தைச் சேர்ந்த தாமஸ் வெட்ஜ்வுட், எல்லாப் பொருள்களும் ஒரே வெப்பநிலையில்தான் சிவக்கத் தொடங்குகின்றன என்று 1792-இல் எழுதினார். பானைக்குள் இருக்கும் நுண்துளைகளிலும் இதே ஒளிதான் நிறைந்திருக்கிறது. நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

உலை வேண்டாம், அறை வெப்பநிலைக்கே வருவோம். இங்கே கதிர்வீச்சு அடங்கிவிடும் என்று சொன்னேன். அடர்த்தியான பொருள்களுக்கு அது சரி. தெர்மோகோலுக்குச் சரியில்லை. நவராத்திரி கொலு மேடையிலும், மீன் பெட்டியிலும், ஒருமுறை 2017-இல் வைகை அணையின் நீர்ப்பரப்பிலும் தமிழ்நாடு பார்த்த அதே வெள்ளை அட்டைதான். ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்தால் உருண்டை உருண்டையாக மணிகள் உதிரும். ஒரு மணியைப் பிளந்தால் உள்ளே தேன்கூடுபோல் அறைகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு. அறைச் சுவரின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டர் அளவுதான். அட்டையில் 98 சதவீதம் காற்று.

கனமான அட்டை அதிகம் கடத்துமா, லேசான அட்டையா? பிளாஸ்டிக் காற்றைவிட நல்ல கடத்தி. ஆகவே கனமானதுதான் அதிகம் கடத்தும் என்று தோன்றும். கடைக்காரர் கனமான அட்டைக்கு அதிக விலை சொன்னால் பேரம் பேசவும் தோன்றும். அளவைகள் வேறு சொல்கின்றன. கன மீட்டருக்கு 30 கிலோ எடையுள்ள அட்டையின் கடத்துதிறன் 0.033 அளவில் இருக்க, 15 கிலோ அட்டைக்கு 0.038 ஆகிறது. லேசானது மோசம். மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் சுவர், 10 மைக்ரோமீட்டர் அலைநீளக் கதிருக்குக் கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான். கதிர் பல அறைகளைத் துளைத்துக்கொண்டு போய்த்தான் விழுங்கப்படுகிறது. சுவர்கள் குறையக் குறைய வீச்சு நீளும். லேசான அட்டையில் போகும் சூட்டில் ஏறக்குறைய கால் பங்கு, சுவர்களை ஊடுருவிப் போகும் கதிர்வீச்சு.

இதற்கு உற்பத்தியாளர்கள் கண்ட வழி, மணிகளைச் செய்யும்போதே கிராஃபைட் தூளைக் கலந்துவிடுவது. அட்டை சாம்பல் நிறமாகிறது, கடத்துதிறன் 0.031, 0.032-க்கு இறங்குகிறது. எடை கூடவில்லை. கிராஃபைட் நல்ல கடத்தி. அதைத் தடுப்பானுக்குள் போடுவது முதல் பார்வைக்குப் பைத்தியக்காரத்தனம். ஆனால் அது கைமாற்றும் வரிசையில் சேர்வதில்லை, தூக்கிப் போடும் செங்கல்லை நடுவில் பிடித்துக்கொள்கிறது. கட்டடங்களுக்குத் தடுப்பு அட்டை வாங்கும்போது வெள்ளையைவிடச் சாம்பல் நிறத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்செலவல்ல என்பது என் கட்சி. கண்ணாடிக் கம்பளி, பாறைக் கம்பளி ஆகியவற்றின் இழைகளைச் சில மைக்ரோமீட்டர் தடிமனில் இழுப்பதிலும் இதே கணக்கு இருக்கிறது. இழையின் தடிமன் கதிரின் அலைநீளத்தை நெருங்கும்போதுதான் அது கதிரைச் சிறப்பாகச் சிதறடிக்கிறது. 1931-இல் சாமுவேல் கிஸ்ட்லர் உருவாக்கிய ஏரோஜெல் என்ற புகைபோன்ற சிலிக்காவும் இந்த இடத்தில்தான் தடுமாறியது. காற்றையும் அணு அதிர்வையும் அது அபாரமாக மறித்தது. ஆனால் 3-இலிருந்து 8 மைக்ரோமீட்டர் வரை அதற்கு ஊடுதெரியும் சன்னல் ஒன்று உண்டு. சூடு ஏறினால் கதிர் அந்தச் சன்னல் வழியே போய்விடும். கரித்தூளோ டைட்டானியம் ஆக்சைடோ சேர்த்து அதை அடைக்க வேண்டியிருக்கிறது.

இந்த வித்தையின் உச்சத்தை விண்வெளி ஓடத்தின் ஓடுகளில் பார்க்கலாம். 1981 ஏப்ரலில் கொலம்பியா முதன்முதலாகப் பறந்தபோது அதன் வயிற்றில் ஒட்டியிருந்தவை கன மீட்டருக்கு 144 கிலோ எடையுள்ள சிலிக்கா இழை ஓடுகள். கன அளவில் 94 சதவீதம் வெறும் இடைவெளிதான். வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழையும்போது அவற்றின் கீழ்முகம் 1260 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். மேலே பூசிய கறுப்பு போரோசிலிக்கேட் கண்ணாடி, வந்த சூட்டில் பெரும்பகுதியை வெளியே திருப்பி அனுப்பியது. அந்த வெப்பநிலையில் ஒரு சதுர மீட்டர் கறுப்புப் பரப்பு வெளியிடுவது 260 கிலோவாட்டுக்கு மேல். ஆக, அதே கதிர்வீச்சு வெளிப்பரப்பில் நண்பன், உள்ளே எதிரி. உயரத்தில் காற்று மெலிந்து போவதால் இழைகளுக்கிடையே காற்றுக் கடத்தல் குறைந்து, உள்ளே கதிர்வீச்சின் பங்கு இன்னும் தூக்கலாகத் தெரியும். பின்னால் வந்த ஓடுகளில் இழைகளோடு சிலிக்கான் கார்பைடு தூளைக் கொஞ்சம் சேர்த்தார்கள், தெர்மோகோலில் கிராஃபைட் செய்யும் அதே வேலைக்கு. நாசாவின் பிரபலமான செயல்விளக்கம் ஒன்று உண்டு. உலையிலிருந்து எடுத்த ஓட்டுக் கன சதுரத்தை ஒருவர் ஓரங்களில் வெறுங்கையால் பிடித்திருப்பார். நடுப்பகுதி செக்கச்செவேலென்று ஒளிரும். ஓரங்களில் சேமித்த சூடு மிகக் குறைவு, அது நொடிகளில் ஆறிவிட்டது. உள்ளேயிருந்து கடத்தல் வழியே புதுச் சூடு வருவதற்குள் பிடித்து வைத்துவிடலாம். ஆனால் அந்தச் சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறதே, அது ஓட்டின் ஆழத்திலிருந்து இழைகளின் வழியே நழுவி வரும் வெளிச்சம்.

அடுத்த இடம் நம் காலடியில். சேலத்தை ஒட்டி வெள்ளைக்கல் எடுக்கும் குன்றுகள் இருக்கின்றன. வெள்ளைக்கல் என்பது மேக்னசைட். அதைச் சுட்டு எஃகு உலைகளுக்கான தீச்செங்கல் செய்கிறார்கள். அந்த வெள்ளை நரம்புகள் ஓடுவது டியூனைட் என்ற பாறைக்குள். டியூனைட்டில் பத்தில் ஒன்பது பங்கு ஒலிவின், இரும்பும் மக்னீசியமும் கலந்த பச்சைக் கனிமம். பூமியின் மேலோட்டுக்குக் கீழே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரவிய மேல் மூடகத்தில் அதிகம் இருப்பது இதே ஒலிவின்தான். அங்கே வெப்பநிலை 1600 கெல்வின். பாட்டில் உலையின் கேள்வியை அங்கே கேட்கலாம். பச்சைக் கல்லுக்குள் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும்?

கேள்வி எழுந்ததற்குப் பின்னணி உண்டு. கெல்வின் பிரபு 1862-இல், பூமி முழுவதும் ஒரே கடத்துதிறனோடு ஆறுவதாக வைத்து அதன் வயது 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகளுக்குள் இருக்கும் என்று கணக்கிட்டார். அவரிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி 1895-இல் அந்த அடித்தளத்தையே கேட்டார். உள்ளே வெப்பம் இன்னும் எளிதாக நகருமானால் வயது பல மடங்கு கூடுமே. பெர்ரி மனத்தில் வைத்தது முக்கியமாக உட்புறத்தின் சலனம். ஆனால் வெப்பம் உள்ளே எப்படி நகர்கிறது என்பது தெரியாமல் பூமியின் கதையைச் சொல்ல முடியாது என்பது அன்றே வெளிப்பட்டது. 1957-இல் சிட்னி கிளார்க் மூடகத்தில் கதிர்வீச்சுப் பரிமாற்றத்தைக் கணக்கில் எடுத்தார். கதிர் சராசரியாக 1 மில்லிமீட்டர் போனாலே போதும், 1600 கெல்வினில் கதிர்வீச்சின் பங்கு 3.5 வாட்டுக்குச் சற்று மேல் வருகிறது. பாறையின் அணு அதிர்வுக் கடத்தலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் வீச்சு, மூடகப் பாறையின் கடத்துதிறனில் சரிபாதி!

பிறகு கல்லையே சூடாக்கிப் பார்த்தார்கள். 1968-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒலிவினின் ஊடுதெரியும் தன்மையை உயர்ந்த வெப்பநிலையில் அளந்தபோது, சூடு ஏற ஏற அது இருள்வது தெரிந்தது. மூன்றாம் அடுக்கில் ஏற வேண்டிய கதிர்வீச்சுக் கடத்தல் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. இன்னும் ஆழத்தில், 2900 கிலோமீட்டரில் மூடகம் உள்ளகத்தைத் தொடும் இடத்தில், வேறு கனிமங்கள். வைரப் பட்டடைக்குள் துகள்களை நசுக்கி, ஒளியை ஊடுருவவிட்டுப் பார்க்கும் வேலை அங்கே. 2006-இல் ஒரு குழு, அழுத்தத்தில் இரும்பின் எலக்ட்ரான்கள் இடம் மாறுவதால் ஒரு கனிமம் அதிகமாக ஒளியை விழுங்குகிறது என்றது. கதிர்வீச்சுக்கு அங்கே பெரிய பங்கு இருக்காது என்பது அதன் பொருள். 2008-இல் இன்னொரு குழு, அங்கே அதிகம் இருக்கும் சிலிக்கேட் கனிமம் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாகவே இருக்கிறது, பங்கு பெரியதுதான் என்றது. உள்ளகத்திலிருந்து வெளியேறும் சூட்டின் கணக்கு பூமியின் காந்தப்புலத்தின் ஆயுள் வரை தொடுவதால், வழக்கு ஓயவில்லை.

கண்ணாடிக்குள் அடைபட்ட வெளிச்சத்துக்கு வேலை இருக்கிறது என்று சொன்னேன். முழு அகப் பிரதிபலிப்பில் சிக்கிய கதிர், மேற்பரப்பில் கச்சிதமாக நின்றுவிடுவதில்லை. அதன் மின்புலம் மேற்பரப்புக்கு வெளியே ஓர் அலைநீளத்துக்குக் குறைவான தூரம் எட்டிப்பார்த்து மங்கிவிடும். அந்தத் தூரத்துக்குள் இன்னொரு திடப்பொருளைக் கொண்டுவந்தால், அடைபட்ட கதிர் இடைவெளியைத் தாவிவிடும். 1971-இல் போல்டர், வான் ஹோவ் இருவரும் இதன் முழுக் கோட்பாட்டை எழுதினார்கள். சிலிக்காவில் மேற்பரப்பை ஒட்டி ஓடும் அணு அதிர்வு அலைகளும் இதில் சேர்ந்துகொள்வதால் ஓட்டம் கணக்கில்லாமல் கூடுகிறது. 2009-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சிலிக்கா நுண்கோளம் ஒன்றைக் கண்ணாடிப் பரப்புக்கு 30 நானோமீட்டர் அருகில் கொண்டுபோய், கரும்பொருள் விதி அனுமதிப்பதைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வெப்பம் தாவுவதை அளந்தார்கள். கரும்பொருள் விதி தப்பில்லை. அது, தூரமாக நிற்கும் பொருள்களுக்கான விதி.

இடைவெளியை இன்னும் சுருக்கி ஓரிரு நானோமீட்டருக்குக் கொண்டுவந்தால் என்ன? அங்கே மின்புலம் தாவுவதும், ஓர் அணு எதிரே உள்ள அணுவை உலுக்குவதும் ஒரே காரியத்தின் இரண்டு பெயர்களாகிவிடுகின்றன. கதிர்வீச்சு முடிந்து கடத்தல் தொடங்கும் எல்லை அதுதான். 2017-இல் ஒரே ஆண்டில், ஒரே இதழில் இரண்டு அளவைகள் வெளிவந்தன. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் குழு, தங்க முனைக்கும் தங்கப் பரப்புக்கும் இடையே கோட்பாடு சொல்வதைவிடப் பல மடங்கு வெப்பம் ஓடுவதைக் கண்டது. அமெரிக்காவின் மிச்சிகன் குழுவும் முதலில் அப்படியொரு பெரிய ஓட்டத்தையே பார்த்தது. பிறகு முனையையும் பரப்பையும் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து அளந்தது. கூடுதல் ஓட்டம் காணாமல்போய், கோட்பாடு சொன்ன அளவுக்குள் வந்து நின்றது. இடைவெளியில் பாலம் போட்டிருந்தது மேற்பரப்பில் ஒட்டிக் கிடந்த அழுக்கு என்பது அவர்கள் வாதம்.